கோரேபானிப் பாதை: உப்பு வணிகர் முதல் நடைப்பயணிகள் வரை

கோரேபானிப் பாதை நேபாளத்தில், அன்னபூர்ணா மலைத்தொடரின் தெற்குச் சரிவில் அமைந்த மலைவழி. நயாபுல் என்னும் சிற்றூரில் தொடங்கி உல்லேரி, கோரேபானி, தாடாபானி, காந்துருக் ஆகிய இடங்களைச் சுற்றி மீண்டும் நயாபுல்லுக்கே வந்து சேரும் இவ்வழியை நான்கைந்து நாட்களில் நடந்து முடிக்கலாம். கோரேபானிக்கு மேலே உள்ள பூன் ஹில் என்னும் குன்றே இதன் மிக உயர்ந்த இடம். உயரம் 3,210 மீட்டர். பனிக்கோடரியோ கயிறோ தேவைப்படாததால், மலையேற்றப் பயிற்சி இல்லாதவர்களும் நடக்கக்கூடிய பாதை இது. நேபாளத்தின் குறுகிய மலைநடைகளில் மிகவும் அறியப்பட்டவற்றுள் ஒன்று.

சுற்றுலாக் கையேடுகள் இதைப் பனிமலைக் காட்சிக்கான பாதை என்றே அறிமுகம் செய்கின்றன. ஆனால் இதன் முதன்மையான பகுதி சுற்றுலா தோன்றுவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. உப்பு சுமந்தவர்கள், முக்திநாத்துக்குச் சென்ற அடியார்கள், அயல்நாட்டுப் படைகளில் சேரப் புறப்பட்ட இளைஞர்கள் என்று பலர் இதில் நடந்திருக்கிறார்கள். ஒவ்வொரு காலத்திலும் பாதையால் பிழைத்தவர்களே அதைப் பேணியும் வந்தார்கள். இன்று வாகனச் சாலை மேலேறி வரும் நிலையில், இந்தக் கல்வழியை இனி யார், எதற்காகப் பேணுவார்கள் என்ற கேள்வி எழுந்துள்ளது.

அமைவிடமும் வழியும்

பொக்காரா நகரிலிருந்து மேற்கே சாலை வழியாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் நயாபுல் உள்ளது. அதன் உயரம் சுமார் 1,070 மீட்டர். அருகிலுள்ள பீரேதாந்தியில் இரண்டு ஆறுகள் கூடுகின்றன. அன்னபூர்ணாவின் பனிப்பாறைகளிலிருந்து வருவது மோதி கோலா; கோரேபானிப் பக்கமிருந்து இறங்குவது புருங்டி கோலா. 'கோலா' என்றால் நேபாளியில் ஆறு. பாதை புருங்டி கோலாவின் கரையோடு ஏறிச் செல்கிறது.

1,540 மீட்டர் உயரத்திலுள்ள திக்கேதுங்காவைத் தாண்டியதும் புகழ்பெற்ற உல்லேரிப் படிகள் தொடங்குகின்றன. அரைநாளுக்குள் ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற வேண்டும். படிகள் மூவாயிரத்துக்கும் மேல் என்பது பொதுவான கணக்கு. எண்ணியவர்கள் ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். உல்லேரி மகர் இன மக்களின் ஊர். அதற்கு மேல் வயல்கள் முடிந்து காடு தொடங்குகிறது.

கோரேபானி சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய் மேல் அமைந்துள்ளது. அதன் கிழக்கே பெய்யும் மழை மோதி கோலாவுக்கும், மேற்கே பெய்யும் மழை காளி கண்டகி ஆற்றுக்கும் செல்கிறது. இக்கணவாய் ஆற்றுப் படுகைகளை மட்டும் பிரிக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு வரை இப்பகுதி 'சௌபீசி' எனப்பட்ட இருபத்து நான்கு சிற்றரசுகளின் கீழ் இருந்தது. கிழக்கே காஸ்கி அரசும் மேற்கே பர்பத் அரசும் ஆண்டன. 1785-86ஆம் ஆண்டுகளில் இரண்டையும் கோர்க்கா அரசு தன்னுடன் இணைத்துக்கொண்டது. இன்றும் உல்லேரி காஸ்கி மாவட்டத்திலும் கோரேபானி மியாக்தி மாவட்டத்திலும் உள்ளன.

பூன் ஹில்லில் விடியற்காலையில் நின்றால் மேற்கே 8,167 மீட்டர் உயரமுள்ள தவளகிரியும், வடக்கே 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணாவும் தெரியும். அன்னபூர்ணா தெற்கு (7,219 மீட்டர்), ஹியுஞ்சுலி (6,441 மீட்டர்), மீன்வால் வடிவிலான மச்சபுச்சரே (6,993 மீட்டர்) ஆகியவை கிழக்கு நோக்கி வரிசையாக நிற்கின்றன. தமிழ்நாட்டின் மலையோடு பெயர் ஒத்த நீலகிரி என்ற சிகரமும் இத்தொடரில் உண்டு. அதன் உயரம் 7,061 மீட்டர். தவளகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவே தெரியும் ஆழமான இடைவெளிதான் காளி கண்டகிப் பள்ளத்தாக்கு. இந்தப் பாதையின் வரலாறு அந்த இடைவெளியிலிருந்தே தொடங்குகிறது.

ஊர்ப் பெயர்கள்

எழுதப்பட்ட ஆவணங்கள் குறைவாக உள்ள மலைநாட்டில் ஊர்ப் பெயர்கள் நல்ல சான்றுகள். 'கோடா' என்றால் குதிரை. 'பானி' என்றால் நீர். கோரேபானி என்பது குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிய இடம். இரு பக்கமும் செங்குத்தாக ஏறிவரும் வணிகக் கூட்டங்கள் தங்கள் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் இளைப்பாற வைத்த கணவாய் இது.

பீரேதாந்தி, பன்தாந்தி, நங்கேதாந்தி ஆகிய பெயர்களின் ஈற்றில் வரும் 'தாந்தி' என்ற சொல் வழிப்போக்கர் தங்கும் சாவடியைக் குறிக்கும். 'பன்' என்பது வனம். ஆகவே பன்தாந்தி காட்டுச் சாவடி. தாடாபானி என்றால் தொலைவிலுள்ள நீர். தண்ணீர் எடுக்க நெடுந்தூரம் நடக்க வேண்டிய முகடு அது. கோரேபானிக்கு மேற்கே இறங்கினால் வரும் தாத்தோபானி வெந்நீர் ஊற்றுள்ள ஊர். நயாபுல் என்பதற்குப் புதுப் பாலம் என்று பொருள். நீர், சாவடி, பாலம் என்று வழிநடப்பவரின் தேவைகளே இங்கு ஊர்களாகியிருக்கின்றன.

பாதையோரம் அடிக்கடி காணப்படும் 'சௌதாரா' என்ற கல்மேடையும் அப்படிப்பட்டதே. முதுகுச் சுமையை இறக்காமலே சாய்த்து வைக்கும் உயரத்தில் ஒரு படி, அதன் மேல் நிழலுக்கு ஆலும் அரசும். இறந்தவர் நினைவாகவும் புண்ணியத்துக்காகவும் குடும்பங்கள் இவற்றைக் கட்டுகின்றன. தமிழ்நாட்டுச் சாலைகளில் நின்ற சுமைதாங்கிக் கற்களும் இதே பயனுக்காக, இறந்தவர் நினைவாக நாட்டப்பட்டவை.

உப்பும் தானியமும்

திபெத்தின் உப்பு ஏரிகளில் கிடைத்த உப்பு, யாக் எருமைகள், ஆடுகள் ஆகியவற்றின் முதுகில் முஸ்தாங் வழியாகக் காளி கண்டகிப் பள்ளத்தாக்குக்கு வந்தது. தெற்கிலிருந்து அரிசி, சோளம் முதலிய தானியங்கள் மேலே சென்றன. திபெத்தில் தானியம் அரிது. நேபாள மலைகளில் உப்பு இல்லை. இந்த இரு பற்றாக்குறைகளும் சந்தித்த இடத்தில் தாக்காலி என்னும் சிறு இனம் வணிகச் சமூகமாக வளர்ந்தது. அவர்களின் முதன்மையான சந்தை தூக்குச்சே. கோடையில் வடக்கிலிருந்து வரும் உப்பு அங்கு களஞ்சியங்களில் நிறைந்தது. தெற்கு மலைகளின் குருங், மகர் குடியானவர்கள் தானியம் சுமந்து சென்று, மாற்றாக உப்பு சுமந்து திரும்பினர். தூக்குச்சேயிலிருந்து பொக்காராவை நோக்கிய வழி கோரேபானிக் கணவாயைக் கடந்தது.

1855-56ஆம் ஆண்டு நேபாள-திபெத் போருக்குப் பின் இவ்வணிகத்தின் மீது அரசின் பிடி இறுகியது. காளி கண்டகி வழி உப்புச் சுங்கத்தை வசூலிக்கும் உரிமை 1860களிலிருந்து குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகை பெற்ற தாக்காலித் தலைவர் 'சுப்பா' என்ற பட்டத்துடன் பள்ளத்தாக்கின் அதிகாரம் மிக்கவரானார். சில குடும்பங்கள் பெருஞ்செல்வம் சேர்த்தன. தூக்குச்சேயில் இன்றும் நிற்கும், நடுமுற்றம் வைத்த பெரிய கல்வீடுகள் அக்காலத்தவை. 1928இல் இந்தத் தனியுரிமை முடிவுக்கு வந்தது.

இவ்வணிகத்தை இரண்டு மாற்றங்கள் ஒடுக்கின. தெற்குச் சமவெளியில் போக்குவரத்து வளர்ந்தபோது இந்திய உப்பு மலிவாக மலையேறியது. 1959இல் திபெத்தில் நடந்த எழுச்சியும் அதன் ஒடுக்குமுறையும் எல்லை வணிகத்தைச் சுருக்கின. தாக்காலிக் குடும்பங்கள் பல பொக்காராவுக்கும் காத்மாண்டுவுக்கும் இறங்கி வேறு தொழில்களில் முதலிட்டன.

உப்பு போன பின்பும் அதன் ஓர் அமைப்பு பாதையில் நிலைத்தது. 'பட்டி' எனப்படும் வழிச்சத்திரங்கள் அவை. பெரும்பாலும் தாக்காலிப் பெண்கள் நடத்தியவை. அங்கு உணவுக்கு மட்டுமே பணம். சாப்பிட்டவர் அடுப்பருகே இலவசமாகப் படுத்துக்கொள்ளலாம். பருப்பு, சோறு, காய்கறி, ஊறுகாய் கொண்ட தாக்காலிச் சாப்பாடு நேபாளம் முழுவதும் பெயர் பெற்றதற்கு இச்சத்திரங்களே வேர். பிற்காலத்தில் வெளிநாட்டுப் பயணிகள் கூடாரம் சுமக்காமல் ஊருக்கு ஊர் தங்கி நடக்க முடிந்ததும் இந்த மரபு ஏற்கெனவே இருந்ததால்தான்.

அடியார்களின் வழி

காளி கண்டகியின் மேற்பகுதியில், சுமார் 3,700 மீட்டருக்கு மேல் உள்ள முக்திநாத் இந்துக்களுக்கும் பௌத்தர்களுக்கும் பொதுவான திருத்தலம். வைணவர்களின் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் இதுவே என்பது நெடுங்கால நம்பிக்கை. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் சாளக்கிராமத்தைப் பாடியுள்ளனர். வழிபாட்டில் வைக்கப்படும் சாளக்கிராமக் கற்கள் காளி கண்டகிப் படுகையில் கிடைப்பவை. இமயமலை எழுவதற்கு முன் அங்கிருந்த தெத்திஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட்டு என்னும் உயிரினங்களின் புதைபடிவங்கள் அவை.

ஜோம்சோமுக்கு விமானமும் பின்னர் சாலையும் வருவதற்கு முன், பொக்காராவிலிருந்து முக்திநாத் செல்வோரின் நடைவழி கோரேபானியைக் கடந்தே சென்றது. உப்பு வணிகர்களுக்கான சாவடிகளே அடியார்களுக்கும் பயன்பட்டன.

படைக்குச் சென்றவர்கள்

பாதையோரக் கிராமங்களில் குருங், மகர் இனத்தவரே மிகுதி. இருவரும் திபெத்திய-பர்மிய மொழிகளைப் பேசுபவர்கள். குருங் மக்கள் தங்களைத் 'தமு' என்று அழைத்துக்கொள்கின்றனர். மேட்டு நிலங்களில் ஆடு மேய்த்தல், மலைச்சரிவில் படிவயல் வேளாண்மை ஆகியவை அவர்களின் பழைய தொழில்கள். நிலம் போதாத இக்கிராமங்களுக்குப் பணவருவாயைக் கொண்டுவந்தது படைச்சேவை.

1814இல் தொடங்கிய ஆங்கிலேய-நேபாளப் போர் 1816இல் சுகௌலி உடன்படிக்கையுடன் முடிந்தது. போர் முடியும் முன்பே, 1815இல், கிழக்கிந்தியக் கம்பெனி எதிரிப் படைவீரர்களைத் தன் படையில் சேர்க்கத் தொடங்கியது. கோர்க்கா என்ற அரசின் பெயர் அந்தப் படைவீரரின் பெயராயிற்று. தமிழ்நாட்டு நகரங்களில் இரவுக் காவலரைக் 'கூர்க்கா' என்று அழைக்கும் வழக்கமும் அதன் நீட்சி. நேபாள மலைகளில் இவ்வீரருக்கு வேறொரு பெயர் உண்டு: 'லாகூரே'. ரஞ்சித் சிங்கின் படையில் சேர லாகூருக்குப் போனவர்களைக் குறித்த அச்சொல், பிறகு பிழைப்புக்காக அயல்நாடு செல்லும் எவருக்கும் வழங்கலாயிற்று.

முதல் உலகப் போரில் சுமார் இரண்டு லட்சம் கூர்க்கா வீரர்கள் பணியாற்றினர். சில ஊர்களில் உடல்வலுவுள்ள ஆண்களே அருகிவிட்டனர். இரண்டாம் உலகப் போரிலும் அதே நிலை. 1944 ஜூன் 23 அன்று பர்மாவின் மோகாங்கில் காட்டிய வீரத்துக்காக விக்டோரியா சிலுவை பெற்ற துல் பகதூர் பூன், மியாக்தி மாவட்டத்தைச் சேர்ந்தவர். 'பூன்' என்பது மகர் இனத்தின் ஒரு குலப்பெயர். பூன் ஹில் என்ற குன்றின் பெயரும் அக்குலத்தைச் சுட்டுவதே.

1947இல் இந்தியா, பிரிட்டன், நேபாளம் ஆகியவை செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பத்து கூர்க்கா படைப்பிரிவுகளில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்கும் பிரிக்கப்பட்டன. இரு நாட்டு ஓய்வூதியங்களும் பொக்காரா வழியாக மலைக்கு வந்தன. 1958இல் காந்துருக் வட்டாரத்தின் மோஹோரியா கிராமத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் பெர்னார் பின்யேத், குருங் வாழ்வில் படைச்சேவைக்கு உள்ள இடத்தை விரிவாகப் பதிவு செய்தார். ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்கள் பள்ளிக்கூடம், குடிநீர்க் குழாய், சௌதாரா, கற்படி ஆகியவற்றுக்குப் பணமும் உழைப்பும் தந்தனர். இன்று நடைப்பயணிகள் வியந்து படமெடுக்கும் கல்வேலைகளில் அயல்நாட்டுப் போர்க்களங்களின் ஊதியமும் கலந்திருக்கிறது.

இந்த மலைவழிகளே படையின் தேர்வுக்களமும் ஆயின. தலைப்பட்டையில் மாட்டிய 'தோகோ' என்னும் மூங்கில் கூடையில் சுமார் 25 கிலோ எடையுடன் 5 கிலோமீட்டர் ஏற்றத்தில் ஓடுவது பிரிட்டிஷ் கூர்க்கா தேர்வின் பெயர்பெற்ற பகுதி. கிராமத்துச் சிறுவர் தினமும் தீவனமும் விறகும் சுமந்த கூடை அது.

நடைப்பயணிகளின் வருகை

ராணா குடும்பத்தின் ஆட்சி முடியும் வரை நேபாளம் வெளிநாட்டவருக்கு ஏறத்தாழ மூடியே இருந்தது. 1950 ஜூன் 3 அன்று மோரிஸ் எர்சோக், லூயி லாஷெனால் ஆகிய பிரெஞ்சுக்காரர்கள் அன்னபூர்ணாவின் உச்சியை அடைந்தனர். மனிதர் ஏறிய முதல் 8,000 மீட்டர் சிகரம் அது. அப்போது மலைக்கு வந்தவர்கள் சிகரங்களுக்காகவே வந்தனர். கிராமங்கள் அவர்களுக்கு வழியில் வந்த இடங்கள் மட்டுமே.

இந்நோக்கை மாற்றியவர் ஜிம்மி ராபர்ட்ஸ். கூர்க்கா படையில் அதிகாரியாக இருந்த அவர் 1957இல் மச்சபுச்சரே குழுவுக்குத் தலைமை தாங்கினார். குழுவினர் உச்சிக்குச் சில பத்து மீட்டர் கீழே வரை சென்று திரும்பினர். அதன் பின் அச்சிகரம் புனிதமானதாகக் கருதப்பட்டு ஏறுவதற்கு மூடப்பட்டது. ராபர்ட்ஸ் 1964இல் காத்மாண்டுவில் மவுண்டன் டிராவல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். சிகரம் ஏறாமல், வழிகாட்டியுடனும் சுமைதூக்கிகளுடனும் மலைக் கிராமங்களின் ஊடாக நடப்பதையே ஒரு பயணமாக விற்கலாம் என்பது அவர் எண்ணம். 1965இல் மூன்று அமெரிக்கப் பெண்கள் முதல் வாடிக்கையாளர்களாக நடந்தனர். படைக்கு ஆளெடுத்த அதே மலைகளை நன்கறிந்த அதிகாரி ஒருவரே அங்கு நடைப்பயணத் தொழிலையும் தொடங்கிவைத்தார்.

முஸ்தாங்கைத் தளமாகக் கொண்டிருந்த திபெத்தின் கம்பா போராளிகள் 1974இல் ஆயுதம் களையப்பட்டனர். 1977இல் மனாங் பகுதி வெளிநாட்டவருக்குத் திறக்கப்பட்டது. அன்னபூர்ணாவை முழுதாகச் சுற்றிவரும் ஏறத்தாழ மூன்று வாரப் பயணம் அதன் பின்னரே சாத்தியமாயிற்று. அச்சுற்றின் கடைசிக் கணவாய் கோரேபானி. அன்னபூர்ணாவின் அடிவாரத்துக்குச் செல்லும் மற்றொரு நடைவழி காந்துருக் வட்டாரத்தைத் தொட்டுச் சென்றது. இரண்டையும் இணைத்த காட்டுவழியே கோரேபானி-தாடாபானி-காந்துருக் பகுதி. இப்பகுதியில் பழைய ஊர்கள் இல்லை. தேவுராலி, பன்தாந்தி, தாடாபானி ஆகியவை விடுதிகளால் உருவான குடியிருப்புகள். இந்த இணைப்பால்தான் மூன்று வாரம் ஒதுக்க இயலாதவர்களும் நான்கு நாளில் சுற்றிவரும் குறுகிய நடை பிறந்தது.

காடும் விறகும்

பாதையின் நடுப்பகுதி கருவாலி மரங்களும் ரோடோடென்ட்ரான் மரங்களும் நிறைந்த ஈரக்காடு. தென்மேற்குப் பருவக்காற்றை அன்னபூர்ணா மலைச்சுவர் தடுப்பதால், அருகிலுள்ள லும்லே நேபாளத்தில் மிகுதியாக மழை பெறும் இடம். ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேல். மார்ச், ஏப்ரல் மாதங்களில் காடு செந்நிறமாகிறது. 'லாலிகுராஸ்' எனப்படும் இம்மலர் நேபாளத்தின் தேசிய மலர். இதே இனத்தின் துணையினம் ஒன்று நீலகிரி, பழனி மலைகளிலும் வளர்கிறது. தமிழில் அதற்குக் காட்டுப்பூவரசு என்று பெயர்.

இக்காட்டைக் கிராமங்கள் தம் வழக்கப்படி காத்துவந்தன. எந்த மாதத்தில் விறகு எடுக்கலாம், எந்தப் பகுதியில் வெட்டக்கூடாது என்பதை ஊர் முடிவு செய்தது. காவலுக்கு ஆள் வைத்து அவருக்குத் தானியம் அளந்தது. 1957ஆம் ஆண்டின் சட்டம் காடுகளை அரசுடைமையாக்கியது. காடு ஊருடையதாக இல்லாமல் போனதும் கட்டுப்பாடு தளர்ந்தது. சட்டத்தைச் செயல்படுத்த அரசுக்கும் மலையில் போதிய ஆள் இல்லை. அந்த இடைவெளியில்தான் சுற்றுலா வந்தது. ஒரு விடுதி ஒரு வீட்டைக் காட்டிலும் பல மடங்கு விறகை எரித்தது. வெந்நீர்க் குளியலுக்கும், கேட்ட நேரத்தில் தனித்தனியாகச் சமைக்கும் உணவுக்கும், இரவுக் குளிருக்கும் விறகு வேண்டியிருந்தது. 1980களில் கோரேபானியைச் சுற்றிய காடு கண்கூடாகக் குறைந்தது.

காந்துருக்கில் தொடங்கிய முயற்சி

அன்னபூர்ணாப் பகுதியைக் காக்க வழக்கமான தேசியப் பூங்கா அமைத்திருந்தால் மக்களை வெளியேற்ற வேண்டியிருக்கும். அதற்கு மாற்றாக, மக்கள் வாழ்ந்துகொண்டே காட்டை மேலாளும் புதிய அமைப்பு வகுக்கப்பட்டது. 1982இல் நிறுவப்பட்ட மகேந்திரா இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை 1986இல் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதித் திட்டத்தைத் தொடங்கியது. முதல் களம் குருங் மக்களின் பெரிய கிராமமான காந்துருக். பின்னர் விரிவடைந்து 1992இல் சட்டப்படி அறிவிக்கப்பட்ட இப்பகுதியின் பரப்பு 7,629 சதுர கிலோமீட்டர். நேபாளத்தின் மிகப்பெரிய பாதுகாப்புப் பகுதி இதுவே.

பயணிகளிடம் வாங்கும் நுழைவுக் கட்டணத்தை உள்ளூர்ப் பணிகளுக்கே செலவிடுவது இத்திட்டத்தின் அடிப்படை. காடு பற்றிய முடிவுகள் உள்ளூர்க் குழுக்களிடம் திரும்பின. விடுதிகள் கூடி விலைப்பட்டியலையும் உணவுப்பட்டியலையும் பொதுவாக்கின. விறகுக்குப் பதில் மண்ணெண்ணெய் விற்கும் கிடங்குகள், சமையல் அடுப்பின் வெப்பத்திலேயே நீர் சூடாகும் அமைப்பு, சிறு நீர்மின் நிலையம் ஆகியவை வந்தன. 'ஆமா சமூக' எனப்படும் தாய்மார் குழுக்கள் விருந்தினருக்கு ஆடிப்பாடித் திரட்டிய பணத்தில் பாதைகளைச் செப்பனிட்டன. சூதையும் குடியையும் கட்டுப்படுத்தின.

இம்முயற்சி பல நாடுகளில் முன்மாதிரியாகப் பேசப்பட்டது. அதன் குறைகளும் கவனிக்கத்தக்கவை. பாதையோரம் நிலம் இருந்தவர் விடுதி கட்டினார். அரைமணி நேரம் தள்ளியிருந்த ஊருக்கு வருவாய் எட்டவில்லை. குருங் கிராமங்களில் தலைமுறைகளாகக் கொல்லர், தையற்காரர் தொழில் செய்துவந்த தலித் குடும்பங்களுக்கு விடுதித் தொழிலில் பங்கு குறைவு. சுமைதூக்கிகள் பலர் வேறு மாவட்டங்களின் ஏழைகள்; பயணிகள் வியக்கும் படிகளை முப்பது கிலோ சுமையுடன் ஏறியவர்கள் அவர்கள்.

கிராம வாழ்வின் மாற்றம்

காந்துருக்கின் பழைய வீடுகள் கல்லால் கட்டி, கற்பலகையால் கூரை வேய்ந்தவை. முற்றமும் கற்பலகையே. மாலையில் இளையோர் ஒரு மூத்தவரின் வீட்டில் கூடிப் பாடிப் பேசிக் கூட்டாக வேலையும் செய்யும் 'ரோதி' என்ற வழக்கம் குருங் சமூகத்தின் அடையாளமாக இருந்தது. பள்ளியும் நகரமும் இளைஞர்களை ஈர்த்தபின் அது தேய்ந்தது. இன்று அதைப் பெரும்பாலும் விருந்தினருக்கான நிகழ்ச்சியாகவே காண முடிகிறது. பழைய பாத்திரங்கள், உடைகள், வேட்டைக் கருவிகள் ஊரின் சிறு அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டுள்ளன.

1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரில் பயணிகள் வருகை சரிந்தது. மாவோயிஸ்டுகள் வழியில் வரி வாங்கினர். அமைதி திரும்பியபின் பயணிகள் வந்தனர். ஆனால் கிராமத்தவர் வெளியேறுவது வேகம் பெற்றது. வளைகுடா நாடுகளும் மலேசியாவும் தென்கொரியாவும் புதிய லாகூர்களாயின. 2009இல் ஓய்வு பெற்ற கூர்க்கா வீரர்களுக்குப் பிரிட்டனில் குடியேறும் உரிமை விரிவாக்கப்பட்டது. நியாயமான உரிமைதான் அது. ஆனால் ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பிப் படிகளும் பள்ளிகளும் கட்டியவர்களின் வரிசை அதனால் மெலிந்தது. 2022இல் இந்தியா கொண்டுவந்த அக்னிபாத் முறையை நேபாளம் ஏற்காததால், இந்தியப் படைக்கு அங்கிருந்து புதிதாக ஆள் சேர்ப்பதும் நின்றுபோனது.

சாலை

பொக்காரா-பாக்லுங் நெடுஞ்சாலை 1990களில் வந்ததும் நடையின் தொடக்கம் நயாபுல்லுக்கு மாறியது. அதற்கு முன் பொக்காராவின் ஓரத்திலிருந்தே நடக்க வேண்டியிருந்தது. காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் பேனி-ஜோம்சோம் சாலை 2008இல் இணைக்கப்பட்டது. முக்திநாத் செல்வோர் கோரேபானியை ஏறிக் கடக்க வேண்டிய தேவை அத்துடன் தீர்ந்தது. உப்பு வணிகரும் அடியாரும் நடந்த பழைய மேற்குச் சரிவில், கோரேபானிக்கும் தாத்தோபானிக்கும் இடையே, பயணிகள் அருகினர். பிறகு கிழக்குப் பக்கமும் ஜீப் வழிகள் காந்துருக்கை நோக்கியும் உல்லேரியை நோக்கியும் ஏறின. இன்று பலர் உல்லேரிப் படிகளை மிதிக்காமலே அவ்வூருக்கு மேலே நடையைத் தொடங்குகின்றனர்.

நான்கு நாள் நடை இரண்டு, மூன்று நாளாகச் சுருங்கும்போது முதலில் வெறிச்சோடுவது இடைவழி ஊர்களின் விடுதிகள். திக்கேதுங்காவில் மதிய உணவுக்கு நின்றவர் இன்று வண்டியில் கடந்துவிடுகிறார். நடப்பவர் இல்லாத படியைப் புல் மூடுகிறது. மழைக்காலத்தில் பெயர்ந்த கல்லை மீண்டும் பொருத்த யாருக்கும் ஊதியம் இல்லை. அவசரமாக வெட்டிய மண்சாலைகளும் நேபாளத்தின் மிக ஈரமான சரிவில் மண்சரிவைத் தூண்டுகின்றன.

சாலை வேண்டும் என்று கேட்டவர்களும் கிராமத்தவரே. பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணைக் கூடையில் வைத்து மூவாயிரம் படி இறக்கிய நினைவு அவர்களுக்கு உண்டு. அரிசி மூட்டையும் எரிவாயு உருளையும் முதுகில் ஏறிவந்த காலத்தை அவர்கள் இழப்பாகக் கருதுவதில்லை. சாலை வந்தபின் எரிவாயு மலிந்து விறகுத் தேவை குறைந்ததும் உண்மை. நடைவழியின் அமைதியை நாடி வருவோரின் விருப்பமும் ஊராரின் தேவையும் இங்கு ஒன்றல்ல.

இருப்பினும் இரண்டுக்கும் இடம் காணும் முயற்சிகள் நடக்கின்றன. சாலையிலிருந்து விலகிய முகடுகளில் புதிய நடைவழிகள் திறக்கப்பட்டுள்ளன. விடுதிகளுக்குப் பதில் வீடுகளில் தங்கும் ஏற்பாட்டால் பாதை தொடாத ஊர்களும் சிறிது வருவாய் காண்கின்றன. நேபாளப் பயணிகளும் இந்தியப் பயணிகளும் பெருகி வருகின்றனர். விடுமுறை குறைவாக உள்ள அவர்களுக்குச் சாலையும் குறுநடையும் சேர்ந்த பயணமே பொருந்துகிறது.

கோரேபானியின் கணவாயில் இன்று குதிரைகள் அரிது. விடுதிகளுக்குப் பொருள் கொண்டுவரும் கோவேறு கழுதைகளின் மணியோசை மட்டும் கேட்கிறது. உப்பு நின்றபோது இந்தப் பாதை அழியவில்லை, படைவீரரின் ஊதியம் அதைத் தாங்கியது. அது மெலியத் தொடங்கியபோது நடைப்பயணி வந்தார். உல்லேரிக்கு மேலே, சாலை இன்னும் தொடாத காட்டுப் பகுதியில், பழைய கற்படிகள் இப்போதும் நல்ல நிலையில் உள்ளன. அங்கு ஆட்கள் நடக்கிறார்கள் என்பதே அதற்குக் காரணம்.